கொக்குக்கு எத்தனை மில்லிமீட்டர்?

பட்டுப் புடவை எடுக்கப் போகிறவர்களுக்கு யோசனை சொல்ல நம் ஊரில் ஆள் பஞ்சமே கிடையாது. கரை எத்தனை அகலம், முந்தானை எப்படி, ஜரிகை அசலா போலியா என்று சொல்ல அக்கம்பக்கத்தில் பத்துப் பேர் தயாராக இருப்பார்கள். ஆனால் ஒரு குடும்பத் தலைவி, "காமிராவுக்கு நீள லென்ஸ் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன்" என்று சொல்லிப் பார்க்கட்டும்! வீட்டில் கொஞ்ச நேரம் நிசப்தம் நிலவும். பிறகு யாராவது ஒருவர் மெதுவாக, "எதற்கு?" என்பார்.

புதுச்சேரி மாநிலத்தில் வில்லியனூர்க் கொம்யூனைச் சேர்ந்த ஒரு வாசகிக்கும் இதே அனுபவந்தான். வீட்டிலேயே தையல் மெஷின் வைத்து ரவிக்கை தைத்துக் கொடுக்கிறவர் அவர். அந்த வருமானத்தில் இரண்டு வருஷமாகக் கட்டி வந்த சீட்டுப் பணம் இப்போது கைக்கு வந்திருக்கிறது. தம்பி கொடுத்த நிக்கான் காமிரா ஒன்றும், அதோடு கூட வந்த சின்ன லென்ஸும் வீட்டில் இருக்கின்றன. காலையில் ஊசுட்டேரிக் கரையில் உலாவப் போகும்போது பறவைகளைப் படம் பிடிக்கிறார். படத்தில் தண்ணீர் தெரிகிறது, வானம் தெரிகிறது, பறவை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிகிறதாம்!

"உன் பணம், உன் இஷ்டம்" என்கிறார் கணவர். "கொக்கின் மூக்கைப் பெரிசாகப் பார்க்கவா இத்தனை பணம்? பேத்திக்கு ஒரு ஜோடிக் கம்மலாவது செய்து போடலாமே!" என்கிறார் மாமியார். நடுவில் நம்மைத் தீர்ப்புச் சொல்லச் சொல்கிறார் வாசகி. 300 மில்லிமீட்டர் லென்ஸ் போதுமா, 600 வேண்டுமா, அல்லது கடைக்காரர் சிபாரிசு செய்யும், லென்ஸும் காமிராவும் ஒட்டிப் பிறந்த மாடல் ஒன்றை வாங்கி விடலாமா? இதுதான் வழக்கு.

இதை அவருக்கு மட்டும் பதிலாக எழுதாமல் இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. சொந்தமாகச் சம்பாதித்த பணத்தைத் தமக்குப் பிடித்த ஒரு காரியத்தில் செலவிடப் போகும் சகோதரிகள் பலர். அவர்கள் ஏமாறாமல் இருக்க வேண்டும் அல்லவா?

மாமியார் கேட்டது நல்ல கேள்வி

முதலில் ஒன்று சொல்லி விடுகிறேன். "எதற்கு?" என்று மாமியார் கேட்டதில் தவறே இல்லை. லென்ஸ் வாங்குகிறவர்கள் தங்களைத் தாங்களே முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அதுதான். எந்தப் பறவை? எவ்வளவு தூரத்தில்? எந்த நேரத்தில்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்து விட்டால் பாதித் தீர்ப்பு எழுதியாகி விட்டது.

ஊசுட்டேரி புதுச்சேரிப் பகுதியிலேயே பெரிய ஏரி. ஒரு பாதி புதுச்சேரிக்கும் மறு பாதி தமிழ்நாட்டுக்கும் சொந்தம். புதுச்சேரி அரசு 2008-லும் தமிழ்நாடு அரசு 2014-லும் தத்தம் பகுதியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தன. பனிக்காலத்தில் வடக்கேயிருந்து வரும் ஊசிவால் வாத்துக்களும், நாமக்கோழிகளும், கூழைக்கடாக்களும் நட்ட நடுத் தண்ணீரில் மிதந்து கொண்டிருக்கும். கரையில் நிற்கும் நமக்கும் அவற்றுக்கும் இடையே தண்ணீர் இருக்கிறது. "இன்னும் நாலடி முன்னே போய் எடு" என்கிற யோசனை அங்கே செல்லாது.

பாகூர் சமாச்சாரம் வேறு. அங்கேயும் ஓர் ஏரி உண்டு; ஊசுட்டேரிக்கு அடுத்தபடி பெரியது. தென்பெண்ணையின் நீர் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து வாய்க்கால் வழியாக அதற்கு வருகிறது. பங்காரி, சிங்காரி என்ற இரண்டு சகோதரிகள் தங்கள் சொத்தைச் செலவிட்டு அந்தப் பக்கத்து வாய்க்கால்களை வெட்டுவித்தார்கள் என்று ஊரில் கதை சொல்வார்கள். தண்ணீர் பாய்கிற இடமெல்லாம் நெல் வயல். உழவு நடக்கிற வயலிலெல்லாம் கொக்கு. கலப்பைக்கும் டிராக்டருக்கும் பின்னால் புழு பொறுக்கிக் கொண்டு வரும் உண்ணிக்கொக்கு, வரப்பில் நிற்கிற நம்மை ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. 15 மீட்டர் தூரத்தில் சாவகாசமாக நடந்து போகும்.

ஆக, ஒரே மாநிலம், ஒரே காமிரா. ஆனால் வில்லியனூருக்கு ஒரு லென்ஸ், பாகூருக்கு ஒரு லென்ஸ்!

கொஞ்சம் வாய்ப்பாடு

பயப்படாதீர்கள், பெரிய கணக்கில்லை. பறவையின் நீளத்தை லென்ஸின் நீளத்தால் பெருக்கித் தூரத்தால் வகுத்தால், காமிராவுக்குள் இருக்கும் சென்ஸாரில் விழும் பிம்பத்தின் அளவு கிடைக்கும்.

நாமக்கோழி சுமார் 40 சென்டிமீட்டர் நீளம். அது 60 மீட்டர் தூரத்தில் மிதக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 மி.மீ. லென்ஸில் அதன் பிம்பம் 2 மி.மீ.; 600-ல் 4 மி.மீ. நம் வாசகியின் காமிரா போன்றவற்றில் சென்ஸார் ஏறக்குறைய 23.5 மி.மீ. அகலம். முதலாவதில் பறவை படத்தின் அகலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. இரண்டாவதில் ஆறில் ஒரு பங்கு. நல்ல தரமாக அச்சிட்டால், 24 மெகாபிக்ஸல் காமிராவில் முதலாவது சுமார் ஒன்றே முக்கால் அங்குலப் பறவை. இரண்டாவது மூன்றரை அங்குலம். முன்னதில் 'இது நாமக்கோழி' என்று சொல்லலாம். பின்னதில் அதன் சிவந்த கண்ணையும் காட்டலாம்.

இப்போது பாகூர் வயலுக்கு வாருங்கள். அரை மீட்டர் நீளமுள்ள உண்ணிக்கொக்கு, 15 மீட்டர் தூரம், அதே 300 மி.மீ. லென்ஸ். பிம்பம் 10 மி.மீ.! படத்தில் ஏறக்குறைய பாதியைக் கொக்கே அடைத்துக் கொண்டு விடும். அங்கே 600-ஐத் தூக்கிக் கொண்டு போனால் படத்தின் அகலம் ஏறக்குறைய முழுவதையும் கொக்கே அடைத்துக் கொண்டு விடும்.

இந்தக் கணக்கில் இன்னொரு ரகசியமும் இருக்கிறது. தூரத்தைப் பாதியாகக் குறைத்தால் லென்ஸை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். கரையோரம் ஒரு மரத்தடியில் அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தால் பறவைகள் தாமாகவே பக்கத்தில் வருவது உண்டு. பொறுமைக்கு விலை கிடையாது. அதைத் தவணை முறையில் வாங்கவும் வேண்டியதில்லை.

கடையில் இருக்கும் சரக்கு

நீள லென்ஸ் ஏன் இத்தனை விலை? கண்ணாடிதான் காரணம். 600-ஐ அதன் துவார எண்ணான 6.3-ஆல் வகுத்துப் பாருங்கள்: 95 மி.மீ. முன் கண்ணாடி அத்தனை அகலமாவது இருந்தாக வேண்டும். அதே துவார எண்ணுள்ள 300-க்கு 48 மி.மீ. போதும். இரண்டு மடங்கு நீளத்துக்கு நாலு மடங்கு பரப்புள்ள கண்ணாடி. அதைப் பிழையில்லாமல் கடைய வேண்டும். 1959-ல் ஜெர்மனியின் ஃபாய்க்ட்லெண்டர் கம்பெனி, சாதாரணப் பிலிம் காமிராக்களுக்கான முதல் ஜூம் லென்ஸை வெளியிட்டது. அது 36-லிருந்து 82 மி.மீ. வரைதான் எட்டியது. இன்று 600 வரை எட்டுவதைத் தையல் வேலை செய்யும் ஒரு பெண்மணி யோசித்துப் பார்க்க முடிகிறதென்றால், அது சாமான்ய முன்னேற்றமல்ல.

முதல் ரகம், 300 மி.மீ. வரை போகும் சின்ன ஜூம். நிக்கானின் ஏஎஃப்-பி 70-300 சுமார் 400 கிராம்தான். கான்னனின் 55-250 அதையும் விட லேசு. விலையிலும் இவைதான் குறைவு. கைப்பையில் போட்டுக் கொள்ளலாம். பள்ளிக்கூட விளையாட்டு விழாவுக்கும், வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேரோட்டத்துக்கும் உதவும். வண்ணத்துப்பூச்சியை ஒரு மீட்டர் பக்கத்திலிருந்து எடுக்கலாம். ஒரு குறிப்பு: நிக்கானின் ஏஎஃப்-பி ரகம் பழைய காமிராக்கள் சிலவற்றில் வேலை செய்யாது. ஆகையால் கடைக்குப் போகும்போது காமிராவையும் எடுத்துச் செல்லுங்கள். ரவிக்கைத் துணி வாங்கப் புடவையைக் கொண்டு போகிறோமே, அந்த மாதிரி!

இரண்டாவது ரகம், 150-600. டாம்ரான் 2013-ல் முதல் மாடலையும் 2016-ல் இரண்டாவதையும் அறிவித்தது. சிக்மா 'கன்டெம்பரரி' என்ற பெயரில் இதே அளவில் ஒன்று செய்தது. மூன்றுமே சுமார் 2 கிலோ. சிக்மாவின் 'ஸ்போர்ட்ஸ்' என்பது 2.8 கிலோவுக்கும் மேல். அதை நமக்கு வேண்டாமென்று ஒதுக்கி விடலாம். 2015-ல் வந்த நிக்கான் 200-500, எட்டுவது 100 மி.மீ. குறைவாக இருந்தாலும் கடைசி வரை 5.6 துவாரம் கொடுக்கும். 6.3-ஐ விட ஏறக்குறைய கால் பங்கு அதிக வெளிச்சம். விடியற்காலையில் அது உபகாரந்தான். எடை 2.3 கிலோ.

மூன்றாவது ரகம், கடைக்காரர் சிபாரிசு செய்யும் ஒட்டுக் காமிரா. நிக்கான் பி900 என்பது 2015-ல் வந்தது. 2000 மி.மீ. லென்ஸுக்குச் சமமாக எட்டுகிறது. எடையோ 900 கிராம்! "அடேயப்பா!" என்று தோன்றும். ஆனால் அதன் சென்ஸார், நம் வாசகியின் காமிராவில் இருப்பதில் பதின்மூன்றில் ஒரு பங்கு பரப்புதான். நல்ல வெயிலில் உட்கார்ந்திருக்கும் பறவைக்குப் பிரமாதம். மங்கிய வெளிச்சத்தில் படம் மணல் தெளித்தது போல் ஆகும். பறக்கிற பறவையைத் துரத்திப் பிடிக்க அது ஓடி வராது. பறவையின் பெயரைக் கண்டுபிடித்துக் குறித்துக்கொள்வது மட்டுமே ஆசை என்றால் தாராளமாக வாங்கலாம்.

கான்னனின் புதிய ஆர் வகைக் காமிரா வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு: 2021-ல் வந்த ஆர்எஃப் 100-400. வெறும் 635 கிராம். துவாரம் கொஞ்சம் சிறியது, 8 வரை போய் விடும். ஆனால் எடைக்கும் விலைக்கும் இது நியாயமான சரக்கு.

"இருக்கிற லென்ஸுக்குப் பின்னால் ஒரு 'டெலி கன்வர்ட்டர்' மாட்டினால் போதாதா?" என்று சிலர் கேட்பார்கள். 1.4 மடங்குக் கன்வர்ட்டர் வெளிச்சத்தில் பாதியைத் தின்று விடும். 2 மடங்கு என்றால் முக்கால் பங்கு போச்சு! 6.3 லென்ஸோடு அதைச் சேர்த்தால் பழைய காமிராக்கள் பெரும்பாலானவற்றில் தானாகக் குறி பிடிப்பது தடுமாறும் அல்லது நின்றே போகும். அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள்.

அரிசி மூட்டைப் பரீட்சை

600-க்கு ஆசைப்படுகிறவர்கள் ஒரு பரீட்சையில் தேற வேண்டும். ஒரு துணிப் பையில் 2 கிலோ அரிசி போட்டுக் கட்டி, இரு கையாலும் கண் உயரத்துக்குத் தூக்கி ஐந்து நிமிஷம் பிடித்துப் பாருங்கள். காமிராவின் எடையையும் சேர்த்தால் மூன்று கிலோவை நெருங்கும். தோள் கெஞ்சுகிறதா? அப்படியானால் லென்ஸ் அலமாரியில்தான் வாசம் செய்யப் போகிறது.

கைவசம் ஒரு சாந்தி உண்டு. பழைய ஜீன்ஸ் கால்சட்டையின் காலை ஒரு முழ நீளம் வெட்டி, ஒரு முனையைத் தைத்து, உள்ளே கொள்ளோ பச்சைப் பயறோ முக்கால் வாசி நிரப்பி, மறு முனைக்கு ஜிப் வைத்துத் தைத்து விடுங்கள். மதகுச் சுவரிலோ ஸ்கூட்டர் ஸீட்டிலோ அதை வைத்து, மேலே லென்ஸைச் சாத்தினால் இரும்பு ஸ்டாண்டுக்கு ஈடாக நிற்கும். லென்ஸில் இருக்கும் நடுக்கம் தடுக்கும் விசை நம் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும். பறவையின் சிறகடிப்பைத் தடுக்காது. பறக்கும் பறவைக்கு ஆயிரத்தில் ஒரு விநாடி வேகமாவது வேண்டும்.

இன்னொன்று: வெயில் ஏறி விட்டால் தண்ணீர்ப் பரப்பின் மேல் காற்று அடுப்புக்கு மேலே போல் நெளியும். அப்போது எத்தனை லட்சம் போட்டு வாங்கிய லென்ஸானாலும் தூரத்துப் பறவை கலங்கலாகத்தான் விழும். காலை எட்டு மணிக்குள் வேலையை முடித்துக் கொள்வது உத்தமம்.

பழைய சரக்கு வாங்கும்போது

பலர் புதிய ரகக் காமிராக்களுக்கு மாறி விட்டதால், பழைய காமிராக்களுக்கான லென்ஸ்கள் இப்போது இரண்டாம் கையாக நிறையக் கிடைக்கின்றன. சிக்கனக்காரர்களுக்கு இது நல்ல காலம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது.

ஒரு டார்ச்சை லென்ஸின் பின்பக்கத்திலிருந்து அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். உள்ளே சிலந்தி நூல் மாதிரி இழைகள் தெரிந்தால் அது பூஞ்சக்காளான். கடலோர ஈரக் காற்றில் லென்ஸுக்கு வரும் வியாதி இது. எவ்வளவு மலிவானாலும் கும்பிடு போட்டு விட்டு வாருங்கள். பிறகு, ஒரு செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, 600-ல் வைத்து, ஸ்டாண்டின் மேலிருந்து படம் எடுத்து, நான்கு மூலைகளிலும் எழுத்து ஒரே சீராகத் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் உள்ளே கண்ணாடி இடம் பெயர்ந்திருக்கிறது. ஜூம் வளையத்தைத் திருப்பும்போது மணல் நறநறக்கிறதா என்று காதைக் கொடுத்துக் கேளுங்கள். பில் இல்லாத சரக்கை மறந்து விடுங்கள். வாங்குமுன் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது இன்னும் விசேஷம். சென்னை போன்ற நகரங்களில் வாடகைக்கு விடும் கடைகள் உண்டு.

வாங்கிய பிறகு தோல் உறையில் மூடி வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். நீல நிற ஜெல் ரோஜா நிறமானால் ஈரம் குடித்து விட்டதென்று அர்த்தம். சூடு காட்டி உலர்த்தி மறுபடி உபயோகிக்கலாம். அரிசிக்குள் புதைத்து வைக்கும் வைத்தியம் வேண்டாம். தவிட்டுத் தூசு உள்ளே போய் விடும்.

பறவையின் கட்சி

இந்த வழக்கில் இதுவரை பேசாத கட்சிக்காரர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் பறவை! நீள லென்ஸின் முதல் பிரயோஜனம் பெரிய படம் அல்ல. பறவையைக் கலைக்காமல் தள்ளி நிற்க முடிவது. கூட்டுக்குப் பக்கத்தில் நாம் போனால் தாய் எழுந்து பறக்கும். அந்த ஐந்து நிமிஷத்தில் காக்கை முட்டையைத் தூக்கிக் கொண்டு போகும். அல்லது வெயிலில் முட்டை கெட்டு விடும். கூடு தெரிந்தால் படம் எடுக்காமல் விலகி வருவதே தர்மம். சரணாலயத்துக்குள் போய்ப் படம் எடுக்க 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும். வனத்துறையினரிடம் முன்னதாகவே கேட்டுக் கொள்ளுங்கள்.

சென்னையில் வாழ்ந்த இயற்கை ஆராய்ச்சியாளர் மா. கிருஷ்ணன், பல காமிராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தாமே பூட்டிய ஒரு விசித்திர யந்திரத்தால் கறுப்பு வெள்ளைப் படங்கள் எடுத்தார். அதற்கு 'சூப்பர் பாண்டரோஸா' என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்தார். தேனிப் பக்கத்திலிருந்து கிளம்பிய ரதிகா ராமசாமி, பெண்கள் அதிகம் எட்டிப் பார்க்காத இந்தத் துறையில் பறவைப் படங்களுக்காகப் பெயர் வாங்கியிருக்கிறார். சாமான் வேண்டியதுதான்; சாமானுக்குப் பின்னால் இருக்கும் கண் அதைவிட வேண்டும்.

தீர்ப்பு

வில்லியனூர்ச் சகோதரிக்கு: உங்கள் பறவைகள் ஊசுட்டேரி நடுவில் இருக்கின்றன. 300 வாங்கினால், ஒரே பனிக்காலத்தில் "இன்னும் கொஞ்சம் எட்டினால் தேவலை" என்று மறுபடியும் சீட்டுக் கட்ட ஆரம்பித்து விடுவீர்கள். ஆகையால் அரிசி மூட்டைப் பரீட்சையில் தேறினால், டார்ச் பரீட்சையில் தேறிய பழைய 150-600 ஒன்றை வாங்குங்கள். டாம்ரானா சிக்மாவா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். எது சுத்தமாக இருக்கிறதோ அது.

ஆனால் ஒரு நிபந்தனை. சீட்டுப் பணத்துக்குள்ளேயே அடங்க வேண்டும். கொஞ்சம் மிச்சமும் இருக்க வேண்டும். நகையை அடகு வைத்தோ, தவணைக் கடன் வாங்கியோ வாங்காதீர்கள். தொகை போதவில்லை அல்லது தோள் சம்மதிக்கவில்லை என்றால், சின்ன 70-300-ஐ வாங்கிக் கொண்டு பாகூர் வயல் வரப்புக்குப் போங்கள். அங்கே கொக்கு உங்களுக்காகப் பக்கத்திலேயே காத்திருக்கிறது. மிச்சப் பணம் தபாலாபீஸில் இருக்கட்டும். கம்மல் வாங்கவும் அது உதவும்!

மற்ற சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. யார் வேண்டுமானாலும், இருக்கும் இடத்திலிருந்தே கால் மணி நேரம் பார்த்து, கண்ட பறவைகளை எண்ணிக் கணக்கில் சேர்க்கலாம். அதற்கு லென்ஸ் கூட வேண்டியதில்லை. வருகிற பொங்கலுக்கு வாசலில் கோலம் போட்டு முடிந்ததும், மாமியாரையும் கையைப் பிடித்து ஏரிக்கரைக்கு அழைத்துப் போய்ப் பாருங்களேன். கூழைக்கடா ஒன்று தண்ணீரில் சறுக்கி இறங்குவதைப் பார்த்தபின், "எதற்கு?" என்ற கேள்வியை அவர் மறுபடி கேட்கிறாரா என்று எனக்கு ஒரு கார்டு எழுதிப் போடுங்கள்.